வேத வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான கூட்டங்கள் நடந்தன. பொதுக்குழு கூடியது, நிர்வாகிகளில் மாற்றமில்லை. சங்கீத வாசிப்பும் ஒருவாறு முடிந்தது.

எழுத வேண்டியது மாற்கு 4:35-41 பற்றித்தான்; புயலில் படகு நிரம்பும்போது தூங்கிக்கொண்டிருந்த இயேசுவைச் சீஷர்கள் எழுப்ப, அவர் காற்றையும் கடலையும் அடக்கும் இடம். ஏழே வசனத்தில் ஒரு காலாண்டு முழுக்க எங்களை உட்கார வைத்துவிட்டார் என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. ஆமாம், வைத்தேன். ஒரே ஆண்டில் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை ஓடி முடிக்க வேண்டுமென்றால் அதை வீட்டிலேயே செய்யலாமே, வட்டம் எதற்கு? மெதுவாக வாசிப்பது என் கண்டுபிடிப்பும் இல்லை. 12ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியன் துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், அதற்கப்புறம் பேச்சற்ற அமைதி என்று நான்கு படி வைத்து எழுதிவிட்டார். 1548இல் அச்சான ‘ஞானப் பயிற்சிகள்’ என்ற தியான நூலில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் வழி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா மேடுபள்ளமா என்றெல்லாம் மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார்.

நாமும் அதைத்தான் செய்தோம். 1986இல் கலிலேயாக் கடற்கரைச் சேற்றில் அகப்பட்ட, ஏறக்குறைய இயேசு காலத்துப் பழைய படகு எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 2.3 மீட்டர் அகலம். அந்த அளவில் பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துப் பாருங்கள். பின்னணியத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், தூங்குகிற இயேசுவை எழுப்ப இரண்டு ஆளைத் தாண்டினால் போதும். அப்படிப் பார்த்த ஒரு உறுப்பினர், தான் எழுப்பப் போகாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்; வீட்டிலும் அப்படித்தானாம், யாரிடமும் உதவி கேட்க மாட்டாராம். 36ஆம் வசனத்தில் வேறு படகுகளும் கூட வருகின்றனவே, அவற்றில் இருந்தவர்கள் யாரை எழுப்பினார்கள் என்று இன்னொருவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

வேதம் முழுவதும் மனதுக்குள் நடக்கும் நாடகம், கற்பனையே கடவுள், கற்பனை செய்ததை அடையலாம் என்று போதித்த 20ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் நெவில் காடார்ட் வழியில் சிலர் வாதாடினார்கள். கேட்கச் சுவாரசியம்தான், ஆனால் பேச்சு சீக்கிரமே வீடு வாங்குவதற்கும் பதவி உயர்வு பெறுவதற்கும் போய்விட்டது. வசனத்துக்குள் போய்ப் பார்க்கத்தான் கற்பனை. நம் ஆசைக்கு வசனத்தை வேலைக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

இருபது நிமிட அமைதி தொடங்கியதும் கைப்பேசியோடு வெளியே போய், முடியும் நேரம் பார்த்து உள்ளே வந்தவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. கூட்டத்துக்கே வராதவர்களும் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்களாக இருப்பது தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வரவுக்குள் செலவு ஏறக்குறைய அடங்கியது, விழுந்த துண்டைப் பொருளாளர் சமாளித்தார். விவரம் அவரிடம் இருக்கிறது. அவருக்கும் தலைவருக்கும் இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மாற்கு 10:46-52. பார்வையற்ற பிச்சைக்காரன் பர்திமேயு, இயேசு அழைத்ததும் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வரும் இடம். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் சந்தோஷமாக ஒப்படைக்கிறேன். யாரும் கை தூக்காவிட்டால் நானே இருக்கிறேன், சரி, ஆனால் அமைதி நேரத்தைப் பத்து நிமிடமாக்கச் சொல்லாதீர்கள், பாக்கியையும் முதல் கூட்டத்துக்குள் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்