தமிழ் 99 அடிக்கும் தங்கச்சிக்கு, விசைப்பலகை வாங்குமுன்

அன்புள்ள தங்கச்சி,

சம்பளம் வந்ததும் ஒல்லியான, கம்பியில்லாத மெக்கானிக்கல் விசைப்பலகை ஒன்று வாங்கப் போவதாகவும், 64 விசையா 84 விசையா என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தாய். 84 விசை உள்ளதையே வாங்கு. நீ அடிப்பது தமிழ் 99 விசை அமைப்பில் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

இணையத்தில் நீ பார்த்த அலசல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அடிப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. வலது ஷிஃப்ட் பற்றி அவற்றில் பேச்சே இருக்காது. தமிழ் 99இல் ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் இடப்பக்க மேல்வரிசையில் ஷிஃப்டோடு வருகின்றன. இடது கை எழுத்தைத் தொடும்போது ஷிஃப்டை வலது சுண்டுவிரல்தான் பிடிக்க வேண்டும். 64 விசைப் பலகையில் அம்புக்குறிகளுக்கு இடம் தேட, அந்த ஷிஃப்டை ஓர் எழுத்து விசை அளவுக்குக் குறுக்கி, பக்கத்திலேயே மேல் அம்புக்குறியை வைத்துவிடுகிறார்கள். விரல் சற்றுத் தள்ளிப் பட்டால் போதும், கர்சர் மேல்வரிக்குத் தாவும். ஜொகூரின் ஜ வரவேண்டியது ஊ ஆகி அங்கே போய் நிற்கும். ஹரிராயா, ஷா ஆலாம், ஜொகூர் என்ற சொற்கள் இல்லாமல் நம் மலேசியாவில் ஒரு சோதனைத்தாள் தயாரிக்க முடியுமா? 84 விசையில் ஷிஃப்ட் கொஞ்சம் சுருங்கினாலும் சுண்டுவிரலுக்கு இடம் இருக்கும்.

 

அடுத்து, ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் சுவிட்ச். அதன் வகையை நிறத்தால் சொல்வார்கள். சாதாரண மெக்கானிக்கல் விசை ஏறக்குறைய 4 மி.மீ. இறங்கும், ஒல்லி வகை 3 மி.மீ. அளவுக்கு. பாதி வழியிலேயே எழுத்து பதிந்துவிடும் என்பதால் விரலை ஓய்வாக வைத்திருந்தாலே சிலருக்கு எழுத்து விழுகிறது. தமிழ் 99இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குத் தானே புள்ளி வந்துவிடும் அல்லவா? 'பல' என்று அடிக்கும்போது ல இரண்டு முறை பதிந்தால் 'பல்ல' ஆகிவிடும். அதனால் தடையில்லாமல் வழுக்கி இறங்கும் சிவப்பு வேண்டாம், பழுப்பு எடு. அதில் நடுவழியில் ஒரு சிறு தட்டு விரலுக்குத் தெரியும். நீலம் கிளிக் கிளிக்கென்று சத்தம் போடும். பலகைச் சுவர் வீட்டில், விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போக வேண்டிய அம்மா தூங்கும் நேரத்தில் அது ஆகாது.

சுங்கை சிப்புட் ஈரக்காற்றிலும் தூசியிலும் ஏதாவது ஒரு சுவிட்ச் கெடும். கெட்டதை மட்டும் பிடுங்கி மாற்றும் வசதி இருக்க வேண்டும். லாஜிடெக் எம்எக்ஸ் மெக்கானிக்கல் மினியில் அது இல்லை. விளக்கை அணைத்து வைத்தால் பத்து மாதம் வரை சார்ஜ் நிற்கும் என்கிறது நிறுவனம், நல்ல பலகைதான், ஆனால் உனக்கு வேண்டாம். கீக்ரான் கே3 புரோவையும் நூஃபை ஏர்75 வி2-வையும் பார். நான் நூஃபை பக்கம். புளூடூத்தில் மூன்று கருவிகளோடு சேரும், தனி ரிசீவரும் உண்டு. பள்ளிக்கூடத்துப் பழைய கணினியில் புளூடூத் இல்லை என்றாயே, அங்கே அந்த ரிசீவரைச் செருகிக்கொள்ளலாம். உதிரி சுவிட்ச் வாங்கும்போது மட்டும் எச்சரிக்கையாக இரு. கேட்டரான் நிறுவனத்தின் ஒல்லி சுவிட்சும் கெய்ல் நிறுவனத்தின் சோக் சுவிட்சும் ஒன்றின் குழியில் மற்றொன்று உட்காராது.

ஈப்போவுக்குப் போகும்போது உன் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு போ. கடைக்காரரிடம் கேட்டு இணைத்து, ஹரிராயா, ஷா ஆலாம் என்று வேகமாகப் பலமுறை அடித்துப் பார். கர்சர் தாவினால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதே.

அன்புடன்,
அண்ணன்