இறால் குஞ்சுச் சான்றிதழில் இவையும் இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

குளத்தில் விடும் முன் இறால் குஞ்சுகளை, நோய்க்கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. அந்தப் பரிசோதனையைச் செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எங்கள் மேசைக்கு வரும் மாதிரிகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

ஒரு சிறு குப்பி, ஆல்கஹாலில் முப்பது குஞ்சுகள். பொரிப்பகத்தின் எந்தத் தொட்டியில், என்றைக்கு, யார் பிடித்தது என்று ஒரு வரிகூட இருக்காது. சிலர் ஃபார்மலினில் போட்டு அனுப்புகிறார்கள். அதில் டிஎன்ஏ சிதைந்துவிடும்.

பிசிஆர் நுட்பமான பரிசோதனைதான். கிருமியின் மரபணுத் துண்டு ஒன்றே ஒன்று இருந்தாலும், சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிப்பாகி 30 சுழற்சிகளில் 100 கோடியைத் தாண்டும். ஆனால் அந்தத் துண்டு முதலில் குப்பிக்குள் வர வேண்டுமே! தொட்டியில் நூற்றுக்கு இரண்டு குஞ்சுகளுக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 குஞ்சுகளை அள்ளினால், நோயுள்ளது ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கே பாதிக்கு மேல் வாய்ப்பு. 150 குஞ்சுகள் என்றால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

வெள்ளைப்புள்ளி வைரஸ் 3 முதல் 10 நாள்களில் குளத்தையே காலி செய்துவிடும்; வந்திருப்பது தெரியாமல் போகாது. எனக்குக் கூடுதல் அச்சம் தருவது இஎச்பி என்ற நுண்ஒட்டுண்ணி. அது இறாலின் கல்லீரல் கணையத்துக்குள் பெருகுகிறது. பெரும்பாலும் இறால் சாவதில்லை; தீவனம் எடுக்கும், வளராது. ஒரே நாளில் விட்ட குஞ்சுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வலையில் ஏறும்போதுதான் பண்ணையாளருக்குச் சந்தேகமே வருகிறது. அதற்குள் தீவனச் செலவு முழுவதும் போய்விடுகிறது. குணப்படுத்த நம்பகமான மருந்து இல்லை. அதன் வித்துகள் அடிமண்ணில் தங்கி, அடுத்து விடும் குஞ்சுகளையும் பிடிக்கும். ஆகவே தாய் இறால்களின் கழிவை முட்டையிடும் முன்பே பிசிஆர் செய்து பார்ப்பதைப் பொரிப்பகங்கள் தவிர்க்கவே கூடாது.

வெறுமனே 'நெகட்டிவ்' என்று அச்சடித்த சான்றிதழை ஏற்க வேண்டாம் என்று பண்ணையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை குஞ்சுகள், எந்தத் தொட்டி, எந்தத் தேதி, எந்தெந்தக் கிருமிகளுக்குப் பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இறாலுக்கே உரிய மரபணு பரிசோதனையில் தெரிந்ததா என்றும் கேளுங்கள். அது தெரியாவிட்டால் டிஎன்ஏ பிரித்தெடுத்ததிலேயே கோளாறு. அதை நோயில்லை என்று கொள்ள முடியாது. முடிந்தால் மாதிரி எடுக்கும்போது நீங்களே தொட்டியருகில் நின்று, அடியில் சோர்ந்து கிடக்கும் குஞ்சுகளையும் சேர்த்து அள்ளச் சொல்லுங்கள். பொரிப்பகங்களுக்கு உரிமம் தரும் அதிகாரிகள் இந்த விவரங்களைச் சான்றிதழில் கட்டாயமாக்க வேண்டும்.

- ஆய்வக ஊழியர் ஒருவர்