அந்த 'ஒருவர்' நான்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நவராத்திரிக் கச்சேரி விமர்சனத்தைப் படித்தேன். பாடகியின் பட்டுப்புடவைக் கரைக்கு நான்கு வரி, கேன்டீன் ரவா தோசைக்கு மூன்று வரி. கடைசியில், போனால் போகிறதென்று, "கூடவே ஒருவர் வாயில் எதையோ வைத்துக்கொண்டு டொய்ங் டொய்ங் என்று விளையாட்டுக் காட்டினார்" என்று ஒரு வரி.

அந்த 'ஒருவர்' நான்தான். அந்த 'எதையோ'வுக்குப் பெயர் மோர்சிங். முகர்சிங் என்றும் எழுதலாம். தங்களுக்குத் தெரியாததல்ல.

விளையாட்டுத்தான், ஒப்புக்கொள்கிறேன். இருபத்தெட்டு வருடமாக விளையாடுகிறேன். லாடம் போல ஓர் இரும்பு, நடுவில் ஒரு நாக்கு. பல்லில் வைத்துச் சுண்டிக்கொண்டே, மிருதங்கக்காரர் கையால் வாசிக்கிற சொல்லையெல்லாம் மூச்சாலும் நாக்காலும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு மோர்சிங்குக்கு ஒரே சுதி என்பதால் பையில் எட்டு வைத்திருக்கிறேன். அப்படியும் பாடுகிறவர் மேடை ஏறும் நேரத்தில், "தொண்டை சரியில்லை சார், அரைக்கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். திரைக்குப் பின்னால் நின்று மோர்சிங் நாக்கின் நுனியில் கடுகளவு தேன்மெழுகை ஒட்டி, தம்புராவோடு வைத்துப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடி ஒட்டி... தங்கள் விமர்சகர் அந்நேரம் ரவா தோசையில் இருந்திருப்பார். என் முன்பல் ஒன்றில் பாதி போனதும் இந்த விளையாட்டில்தான்.

என்னைச் சொன்னதுகூடப் போகட்டும். முன்பு ஒரு முறை கடம் என்கிற தாள வாத்தியத்தை 'மண்பானை' என்று எழுதினீர்கள். திருப்புவனம் வழியாக பஸ் ஏறினால் மானாமதுரை. நண்பருக்குக் கடம் வாங்க அங்கே போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். பலகையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சூளையிலிருந்து வந்த பிறகுதான் சுதி தெரியும். அதில் தேறாததற்குத்தான் ஐயா, பானை என்று பெயர். அந்தக் கடத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைத் தங்கள் பத்திரிகையிலும் போட்டிருப்பீர்கள்.

ஒரே கல்லில் 22 மெல்லிய கம்பங்களைச் செதுக்கி, தட்டினால் சுரம் கேட்கிற தூண்களை மீனாட்சி கோயில் வடக்காடி வீதியில் நிறுத்தி வைத்திருக்கிற ஊர் இது. கல்லுக்குக் கொடுத்த மரியாதையை இரும்புக்கும் மண்ணுக்கும் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

போன சித்திரையில் எங்கள் கச்சேரிப் படம் போட்டீர்கள். என் முழங்கை மட்டும் வந்திருந்தது. வீட்டில் அதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அதே விமர்சனத்தில், கடைசி அரைமணியில் "கனமில்லாத துள்ளல் அயிட்டங்கள்" என்றும் குறை. நாங்கள் வாசித்தது கதனகுதூகலம். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் உண்டாக்கிய ராகம், பெயரிலேயே குதூகலம் இருக்கிறது. அழுதுகொண்டா வாசிப்பது? கேட்கிறவன் எழுந்து போகும்போது தோள் கொஞ்சம் லேசாகியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அழகர்கோயில் சாலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இதே ராகத்தை வாசித்தோம். மாத்திரை கொடுக்க வந்த பெண் மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு தாத்தா மோதிர விரலால் எவர்சில்வர் டம்ளரில் தாளம் போட்டார். ஒரு இடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, வாய்க்குள்ள தவளை எதுவும் வளக்கிறியா?" என்றார். தங்கள் விமர்சகர் எழுதியதைவிட இது சரியான விமர்சனம். தாத்தா காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து போகிற ரசிகர்களைப் பற்றி எழுத வந்தால் தங்கள் இதழ் தாங்காது. விடுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். இனிமேல் கச்சேரி விமர்சனம் போட்டால், மேடையில் உட்கார்ந்த எல்லாருடைய பெயரையும் வாத்தியத்தையும் ஒரே ஒரு வரியில் போடுங்கள். இடம் போதாவிட்டால் ரவா தோசையில் ஒரு வரி குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மோர்சிங் வாசிக்கும் ஒருவர்,
திருநகர், மதுரை.