இரவு பத்து மணிக்கு ஷாங்காயில் இறங்கும் மகளுக்கு

அன்புள்ள மீனா,

நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது. அதற்குள் நீ "மேக்லெவ்ல போயிடறேன்ப்பா, எட்டே நிமிஷம்" என்று சொல்லி முடித்துவிட்டாய். காந்தத்தில் மிதந்து ஓடும் அந்த விமான நிலைய ரயிலுக்கு எட்டு நிமிஷம் என்பது சரிதான், ஆனால் அந்த எட்டு நிமிஷத்தில் நீ ஊருக்குள் போய்ச் சேரமாட்டாய். வாட்ஸப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் மேலே உள்ளதைப் படிக்காமல் கடைசி வரிக்கு மட்டும் கட்டைவிரல் போடுவாய், அதனால்தான் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய டிக்கெட்டைப் பார்த்தேன். சிங்கப்பூரில் மாறி, இரவு 9:50க்கு ஷாங்காயின் பூடோங் விமான நிலையத்தில் இறங்குகிறாய். அந்த நேரத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதி முடிவாகிவிட்டது. விமானம் நின்று கதவு திறந்து, அந்த நீள நடைபாதையெல்லாம் நடந்து, கைரேகை வைத்து, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெட்டி வந்து, கஸ்டம்ஸ் தாண்டி வெளியே வரும்போது மணி 11 ஆகிவிடும். மேக்லெவ் பத்து மணிக்கு முன்பே ஓட்டத்தை முடித்துவிடும். மெட்ரோவின் கடைசி வண்டியும் நீ வெளியே வரும் நேரத்தில் போயிருக்கும், அல்லது போகிற நிலையில் இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடாதே. நேராக டாக்ஸி பிடி.

தூரம் எவ்வளவு என்று உனக்குப் புரிய வேண்டும். பூடோங் கடலோரத்தில் கிடக்கிறது. உன் ஹோட்டல் இருக்கும் மக்கள் சதுக்கம் பக்கம் போகச் சாலையில் 40 கிலோமீட்டருக்கு மேல், அதாவது நம்ம வீட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகிற மாதிரி. பீளமேட்டில் இறங்கி இருபது நிமிஷத்தில் வீட்டுக்கு வந்து பழகியவளுக்கு இது கொஞ்சம் நீளமாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் நெரிசல் இருக்காது, முக்கால் மணி நேரத்தில் கொண்டுவிட்டுவிடுவார்கள். பகலில் 200 யுவான் அக்கம்பக்கம் ஆகும், 11 மணிக்கு மேல் இரவுக் கட்டணம் சேர்ந்து 250ஐத் தாண்டலாம். ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூவாயிரம் ரூபாய். ஆபீஸ் தரப்போகிற பணத்தில் மிச்சம் பிடித்து நல்ல பெயர் வாங்க வேண்டாம்.

வெளியே வந்ததும் வருகை ஹாலிலேயே நாலு பேர் உன்னை மடக்குவார்கள். நல்ல சட்டை போட்டிருப்பார்கள், கழுத்தில் ஏதோ அட்டை தொங்கும், கையில் லேமினேட் செய்த விலைப்பட்டியல் இருக்கும். "டாக்ஸி? ஹோட்டல்?" என்று இங்கிலீஷில் கேட்பார்கள். சந்தேகப்பட வேண்டியதே அங்கேதான். முறையான டாக்ஸி ஓட்டுகிறவர் உள்ளே வந்து ஆள் பிடிக்கமாட்டார், வெளியே வரிசையில் காரில் உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் அவருக்கு இங்கிலீஷும் தெரியாது. திருப்பூரிலிருந்து போன நம்ம ஆள் ஒருவர், பெயர் வேண்டாம், உனக்கும் தெரிந்தவர்தான், அப்படி ஒருவர் பின்னால் பார்க்கிங் வரைக்கும் நடந்துபோய் 600 யுவான் கொடுத்துவிட்டு வந்தார். வந்த பிறகும் "வண்டி நல்ல வண்டிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார், அதை என்ன சொல்வது! யார் கூப்பிட்டாலும் நிற்காதே, பதில்கூட வேண்டாம். டாக்ஸி என்று போர்டு போட்டிருக்கும் வழியில் வெளியே போ. கம்பி கட்டிய வரிசை இருக்கும், நின்றால் ஊழியர் ஒருவர் எந்த வண்டி என்று கை காட்டுவார். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும்.

வண்டியில் ஏறியதும் மீட்டரைப் போடுகிறாரா என்று பார். போடாமல் விரலைக் காட்டி விலை பேசினால் இறங்கிவிடு, இன்னும் விமான நிலையத்துக்குள்தானே இருக்கிறாய். இறங்கும்போது மீட்டரிலிருந்து வரும் ரசீதைக் கேட்டு வாங்கு. ஆபீஸில் கொடுக்க மட்டும் இல்லை, அதில் வண்டி விவரம் இருக்கும், போனையோ பையையோ சீட்டில் விட்டுவிட்டால் ஹோட்டல்காரர்கள் அதை வைத்துத்தான் தேடித் தருவார்கள். டிப்ஸ் அங்கே பழக்கமில்லை. மீதிச் சில்லறையைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் முகவரி. உன் புக்கிங்கில் ஹோட்டல் பெயர் இங்கிலீஷில் இருக்கிறது. அதை டிரைவரிடம் காட்டினால் அவருக்கு ஒன்றும் விளங்காது, ஒரே பெயரில் அந்த ஊரில் பல கிளைகள் வேறு இருக்கும். இன்றைக்கே ஹோட்டலுக்கு மெயில் போட்டு, பெயர், தெரு, எந்தக் குறுக்குத் தெரு, போன் நம்பர் எல்லாவற்றையும் சீன எழுத்தில் அனுப்பச் சொல். போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை, தாளிலும் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடு. வயதான டிரைவர்கள் நிறைய பேர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைத் தூரமாகப் பிடித்துப் படிப்பார்கள், போன் திரையின் சின்ன எழுத்து அவர்களுக்கு ஆகாது. நம்பர் இருந்தால் அவரே ஹோட்டலுக்குப் போன் போட்டு வழி கேட்டுக்கொள்வார். நீ அரட்டை அடிக்க வேண்டிய அவசியமே வராது.

போனில் கார் கூப்பிடும் சீன ஆப்பான டீடியில் போகிறேன் என்று சொன்னால் அதுவும் தப்பில்லை. ஊபர் 2016லேயே சீனத் தொழிலை டீடியிடம் விற்றுவிட்டுப் போய்விட்டது, ஓலா பற்றிக் கேட்கவே வேண்டாம். போனில் பணம் கட்டும் அலிபே ஆப்புக்குள்ளேயே டீடி இருக்கிறது, இங்கிலீஷிலும் வரும், டிரைவருக்கு நீ அனுப்பும் செய்தியை அதுவே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். வண்டி வந்ததும் டிரைவர் உன் போன் நம்பரின் கடைசி நாலு எண்ணைக் கேட்பார், அதைச் சொன்னால்தான் பயணம் தொடங்கும். பச்சை நம்பர் பிளேட் என்றால் பெரும்பாலும் மின்சார கார். ஆனால் டாக்ஸி வரிசை நிற்கும் இடத்தில் டீடி நிற்காது. பார்க்கிங் கட்டிடப் பக்கம் அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்கு நீதான் நடந்துபோய்க் கண்டுபிடிக்க வேண்டும். ஊரைப் பழகின பிறகு டீடிதான் வசதி, நானே சொல்வேன். முதல் நாள் நடுராத்திரி, கையில் சாம்பிள் பெட்டி, போனில் சார்ஜ் இருக்குமோ இருக்காதோ என்ற நிலையில் மாடி மாடியாகத் தூண் நம்பர் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதற்காகத்தான் டாக்ஸி வரிசை என்கிறேன்.

பணம் பற்றி. அங்கே காய்கறிக்காரர்கூட போனைத்தான் நீட்டுவார். கிளம்பும் முன்பே அலிபேயை இறக்கி, பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து, உன் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ சேர்த்துவிடு. ரூபே கார்டை நம்பிப் போகாதே. 200 யுவானுக்கு மேல் போகும் ஒவ்வொரு செலவுக்கும் வெளிநாட்டுக் கார்டு என்றால் 3 சதவீதம் பிடிப்பார்கள், உன் டாக்ஸிக்கும் அது விழும், பரவாயில்லை. பேங்கிலிருந்து வரும் ஓடிபி நம்ம இந்திய நம்பருக்குத்தான் வரும், அதனால் ரோமிங் போடாமல் போனால் கார்டு இருந்தும் பயனில்லை. இன்டர்நேஷனல் உபயோகத்தை பேங்க் ஆப்பில் ஆன் செய்திருக்கிறாயா என்றும் பார். நம்ம சிம்மில் ரோமிங் டேட்டா இருந்தால் வாட்ஸப்பும் ஜிமெயிலும் பொதுவாக வேலை செய்யும், ஆனால் ஏர்போர்ட் வைஃபையிலோ ஹோட்டல் வைஃபையிலோ அப்படியே திறக்காது. அதனால் ஹோட்டலில் போய் வைஃபை போட்டதும் செய்தி அனுப்புகிறேன் என்று அம்மாவிடம் சொல்லாதே, அவள் விடியவிடிய விழித்திருப்பாள். கையில் 500 யுவான் நோட்டாகவும் வைத்துக்கொள். டாக்ஸிக்காரர் நோட்டை வாங்குவார், முணுமுணுத்துக்கொண்டாவது வாங்குவார்.

சரி, மெட்ரோ. அடுத்த நாளிலிருந்து அதுதான் உனக்குக் கால். இரண்டாம் லைன் ஒன்று போதும். பூடோங்கில் தொடங்கி லுஜியாசுய், நான்ஜிங் கிழக்கு ரோடு, மக்கள் சதுக்கம், ஜிங்ஆன் கோயில் எல்லாம் தொட்டு, மேற்கே இன்னொரு விமான நிலையமான ஹொங்ச்சியாவ் தாண்டிக் கண்காட்சி வளாகம் வரைக்கும் அதுவே போகிறது. உன் ஹோட்டலையும் நீ போகும் மெஷின் கண்காட்சியையும் ஒரே லைன் இணைக்கிறது, ஹோட்டலை அங்கே போட்டவர் யாரோ விவரமானவர். நான் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் வழியில் குவாங்லான் ரோடு ஸ்டேஷனில் இறங்கி எல்லோரும் பெட்டியோடு வேறு வண்டிக்கு ஓட வேண்டும், இப்போது நேர் வண்டி விட்டுவிட்டார்கள். மக்கள் சதுக்கத்திலிருந்து விமான நிலையத்துக்கு வெறும் 7 யுவான், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் விமான நிலையம் போகும்போது எல்லா வண்டியும் கடைசிவரை போகாது, சிலது வழியிலேயே நின்றுவிடும். பிளாட்பார போர்டில் பூடோங் என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறு. காலையில் எட்டு, ஒன்பது மணிக்கு அந்த லைனில் பெட்டியோடு ஏறுகிறேன் என்று சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

உன் மேக்லெவ் ஆசையைத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள். மதியம் மூன்று மணி விமானம்தானே, அதற்குப் பொருத்தமாக இருக்கும். அது மொத்தம் 30 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, விமான நிலையத்துக்கும் லோங்யாங் ரோடுக்கும் நடுவில். லோங்யாங் ரோடு ஆற்றுக்கு விமான நிலையம் இருக்கும் பக்கம், ஊரின் நடுப்பகுதி அந்தப் பக்கம். வரும்போது அதில் வந்தால் அங்கே இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு மெட்ரோ வாசலுக்கு நடந்து, மறுபடி ஸ்கேனரில் பெட்டியைத் தூக்கிப் போட்டு, நின்றுகொண்டே மிச்சத் தூரம் போக வேண்டும். போகும்போது இதே வழி கஷ்டமாகத் தெரியாது, அவசரமில்லாமல் பகலில் போகிறாய். டிக்கெட் 50 யுவான், அன்றைய விமான டிக்கெட்டைக் காட்டினால் 40. நான் ஏறியபோது 431 கிலோமீட்டர் வேகம் தொட்டது. ரயில் பெட்டியின் முனையில் வேகம் எண்ணாக ஓடும், அது ஏற ஏற எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள், வளைவில் வண்டி சாயும்போது அப்படியே ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள். 2021லிருந்து 300ஓடு நிறுத்திக்கொண்டார்கள். அதுவும் தரையைத் தொடாமல் போகிறதுதான், ஒருதரம் பார்க்கலாம்.

2024 டிசம்பர் கடைசியில் பூடோங்குக்கும் ஹொங்ச்சியாவுக்கும் நடுவில் தனி ரயில் ஒன்று விட்டிருக்கிறார்கள், 40 நிமிஷம், 26 யுவான். உன் ஹோட்டலுக்கு அது உதவாது. கண்காட்சி முடிந்து அங்கிருந்தே நேராக விமான நிலையம் போகிற உன் சக ஊழியர்களுக்குச் சொல்.

விமானம் தாமதமானால் என்ன செய்வது என்று அம்மா கேட்கச் சொன்னாள். இரவு ஒரு மணி ஆனாலும் டாக்ஸி வரிசை இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஹோட்டலுக்குத் தாமதமாக வருவேன் என்று முன்கூட்டியே எழுதிவிடு, இல்லாவிட்டால் வரவில்லை என்று அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிட வாய்ப்புண்டு. ரொம்பக் களைப்பாக இருந்தால் இரண்டு டெர்மினலுக்கும் நடுவிலேயே ஹோட்டல் இருக்கிறது, அங்கே படுத்துவிட்டுக் காலையில் நெரிசல் அடங்கியதும் மெட்ரோவில் போ. ஆபீஸ் அந்தப் பணத்தைத் தராவிட்டால் நான் தருகிறேன், அதற்கு விளக்கமெல்லாம் வேண்டாம்.

அப்புறம், மெட்ரோ ஸ்கேனரில் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் சில இடங்களில் ஒரு மடக்குக் குடித்துக் காட்டச் சொல்வார்கள். குடித்துவிட்டு நட, முகத்தைச் சுளிக்காதே. வண்டியில் ஏறியதும் ஒரு செய்தி போடு, நமக்கு அங்கேயிருந்து இரண்டரை மணி நேரம் பின்னால், நாங்கள் தூங்கியிருக்கமாட்டோம்.

அப்பா