‘நாம எல்லாரும்’னா யாரு சார்?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல கண்காணிப்பு பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நடுவுல டவர், சுத்தி வட்டமா செல், டவர்ல ஆள் இருக்கானா இல்லையான்னு கைதிக்குத் தெரியாது, அதனால பயந்துகிட்டு அவனே ஒழுங்கா நடந்துக்குவான்னு இங்கிலாந்து தத்துவவாதி பென்தமோட பனாப்டிகான் ஜெயிலையும் அத வெச்சு பிரெஞ்சு தத்துவவாதி ஃபூக்கோ 1975ல எழுதினதையும் ரொம்ப ஈஸியா புரிய வெச்சிருக்கார். ஆனா கடைசில “நாம எல்லாருமே இன்னிக்கு அந்த செல்லுக்குள்ளதான்”னு முடிச்சிருக்காரே, அங்கதான் இடிக்குது.

அந்த ஐடியாவே முதல்ல ஜெயிலுக்காக வந்தது கிடையாது. பென்தமோட தம்பி சாமுவேல் ரஷ்யாவுல ஒரு பிரபுவோட எஸ்டேட்ல இருந்தப்ப, வேலையாளுங்கள ஒரே இடத்துல உக்காந்து மேய்க்க என்ன வழின்னு யோசிச்சது அது, 1786ல அங்க போன அண்ணன் அத ஜெயில் பிளானா மாத்திட்டார். கட்டுரைல இது வரவே இல்ல.

நம்ம ஊர் கதையும் வரல. சில சாதிக்காரங்கள பிறப்பாலயே குற்றவாளின்னு முத்திரை குத்தி 1871ல வடக்க வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்த 1911ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் கொண்டு வந்தாங்க. கைரேகை வெக்கணும், ராத்திரி ஸ்டேஷன்ல போய் படுக்கணும், வெளியூர் போனா சீட்டு வாங்கணும். பாக்குறாங்களா இல்லையாங்கிற சந்தேகத்துக்கே அங்க இடமில்ல. ரேகை வெக்க மாட்டோம்னு நின்னவங்கள 1920 ஏப்ரல் 3ல மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூர்ல போலீஸ் சுட்டுச்சு.

இப்ப எங்க அபார்ட்மென்ட்டுக்கு வாங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா கேட்டத் தாண்டினா எனக்கு போன்ல நோட்டிஃபிகேஷன் வருது, திரும்பிப் போறப்ப அவங்க பையத் தொறந்து காட்டணும், போன மாசம் ஒரு வீட்ல அந்த ஆப் ஸ்கிரீன்ஷாட்ட காட்டி “எட்டு மணிக்கு வர வேண்டியவ எட்டே கால்”னு சம்பளத்துல புடிச்சிருக்காங்க (அந்த வீட்டுக்காரர் தினமும் ஆபீஸுக்கு எத்தன மணிக்குப் போறார்னு எங்க பிளாக்குக்கே தெரியும், அது வேற). அதே கேமராவுல என் மூஞ்சியும் பதியுதுதான், ஆனா ஏதாவது காணாம போச்சுன்னா யார் வந்து போனத ரீவைண்ட் பண்ணிப் பாப்பாங்கன்னு செக்யூரிட்டிய கேட்டா சிரிக்கிறார். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது ஜட்ஜுங்க 2017ல சொன்னாங்களே, அது அக்காவோட கைப்பைக்கும் உண்டான்னு அசோசியேஷன் மீட்டிங்ல கேட்டேன், “அஜெண்டாவுல இல்ல மேடம்”னுட்டாங்க.

ஃபூக்கோவே ஃபேக்டரி, பள்ளிக்கூடம், பட்டாளம்னு எல்லாத்தையும் எழுதினவர்தான். கட்டுரையாளர் ரெண்டாம் பாகம் எழுதினா, எழுதுறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு கேட்ல நிக்கிற டெலிவரி பசங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை