247-ஆவது ஹோம் ரன்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நலம். அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் நீ எங்களை பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துப் போனபோது, மைதானச் சுவரில் மூக்கால் புகைவிடும் காளை உருவத்தைக் காட்டி, அது 1988-இல் வந்த ‘புல் டர்ஹாம்’ படத்துக்காகச் செய்த காளையின் வாரிசு என்றாய். படத்தைப் பற்றிக் கேட்டதும் அம்மாவோடு பார்க்கிற படமில்லை என்று மழுப்பினாய். ஊர் திரும்பியதும் பார்த்துவிட்டோம். படுக்கையறைக் காட்சிகள் வந்தபோதெல்லாம் அம்மா பாலைப் பார்க்க அடுப்படிக்குப் போய்வந்தாள். கடைசி அரை மணி நேரம் பாலின் நினைவே அவளுக்கு இல்லை.

இயக்குநர் ரான் ஷெல்டன் தாமே, மேஜர் லீக் என்ற உச்ச நிலைக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் ஆடியவர் என்பதால், பேருந்துப் பயணமும் ஓய்வறைப் பேச்சும் பொய்யாகத் தெரியவில்லை. கெவின் காஸ்ட்னர் நடித்த கிராஷ் டேவிஸ் ஒரு கேட்சர், நம் விக்கெட் கீப்பரைப் போல. நூக் என்ற இளம் பிட்சரை, அதாவது பந்தெறிபவனை, பக்குவப்படுத்துவதற்காகவே கிராஷைக் கீழ்நிலை லீக்குக்கு இறக்கி அனுப்புகிறார்கள். எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று கிராஷ் காட்டும் சைகையை நூக் தலையசைத்து மறுத்ததும், கிராஷ் எதிரணி ஆட்டக்காரனிடமே அடுத்து வரும் பந்து என்னவென்று மெல்லச் சொல்லிவிடுகிறான். பந்து மைதானத்தைத் தாண்டிப் பறக்கிறது, நூக் திகைத்து நிற்கிறான். அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். வங்கியில் என்னிடம் தொழில் கற்ற இளைஞர்கள் எனக்கே மேலதிகாரிகளாக வந்த கதை உனக்குத் தெரியும். இப்படியொரு உபாயம் எனக்குத் தோன்றாமல் போயிற்றே!

சூசன் சரண்டன் நடித்த ஆனி, பருவத்துக்கு ஒரு வீரனைத் தேர்ந்து காதலிப்பவள் என்றதும் முகம் சுளித்தேன். ஆனால் கிராஷ் மைனர் லீக்கின் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) சாதனையை நெருங்குவதை அந்த ஊரில் எண்ணிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அதை வெளியே சொல்லாதே என்கிறான் அவன். மேலே போயிருந்தால் அத்தனை ஹோம் ரன்களை அங்கே அடித்திருக்க வேண்டியதில்லை அல்லவா? மேஜர் லீக்கில் அவன் இருந்தது வெறும் 21 நாட்கள். நூக் மேலே போனதும் டர்ஹாமின் புல்ஸ் அணி கிராஷை விடுவிக்கிறது. ஆஷ்வில் அணிக்குப் போய், சாதனைக்கான 247-ஆவது ஹோம் ரன்னை அடிக்கிறான், யாரும் கவனிக்கவில்லை. பிறகு மழையில் ஆனியின் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பி வருகிறான்.

படம் முடிந்ததும், ஒரே பதவியில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்ததற்காக எனக்குப் போர்த்திய சால்வை பீரோவின் அடியில் கிடப்பது நினைவுக்கு வந்தது. மொத்தம் எத்தனை வருடம் என்று வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டேன்.

“31 வருடம், 4 மாதம்” என்றாள் உன் அம்மா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அன்புடன்,
அப்பா