இறந்தவர் பெயரில் உள்ள துப்பாக்கியை ஒப்படைக்கும் குடும்பங்களுக்கு ஊக்கத்தொகை கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் மனைவி,
மர்பி டவுன், அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
மாநகரக் காவல் ஆணையர் அவர்கள்,
இன்ஃபன்ட்ரி சாலை, பெங்களூரு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பார்வைக்குரிய கன்னட மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் கையெழுத்துப் போடுகிறவர்கள் என்ன என்று தெரிந்து போடட்டும் என்றுதான் தமிழிலும் எழுதினேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தின் பொறியியல் படையான எம்.இ.ஜி.யில், எங்கள் பக்கத்தில் சொல்வதுபோல மெட்ராஸ் சாப்பர்ஸில், இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்தை விட்டு வந்ததும் கையிலிருந்த பணத்தில் ஒரு டபுள் பேரல் (இரட்டைக் குழல்), பன்னிரண்டு போர் (குழல் அளவு) துப்பாக்கி வாங்கி, லைசென்ஸ் எடுத்து, ஒரு வங்கி வாசலில் பதினாறு வருடம் காவல் நின்றார். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் அந்த வேலை. பதினாறு வருடத்தில் அது ஒரு தடவைகூட வெடித்ததில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து, குழல் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பார்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. துப்பாக்கியைப் பட்டாளத்துக் கம்பளியில் சுற்றிப் பரணில் போட்டவர் அவரே. உண்மையைச் சொன்னால், துக்கத்தில் எனக்கு அது நினைவிலேயே இல்லை. போன நவராத்திரிக்குக் கொலு பொம்மை எடுக்க ஏறிய என் பேரன், பொம்மைப் பெட்டி என்று நினைத்து அந்தக் கம்பளியை இழுத்தான். மடிப்பிலிருந்து ஒரு சிவப்புத் தோட்டா உருண்டு என் காலடியில் விழுந்தது. அடிப் பித்தளை பச்சை பூத்திருந்தது. "பாட்டி, இது தீபாவளிப் பட்டாசா?" என்று கேட்டான். அவனுக்கு ஏழு வயது.

மறுநாளே ஆட்டோவில் வைத்து ஒரு காவல் நிலையத்துக்குக் கொண்டு போனேன். ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி, வைத்துக்கொள்ளும் உரிமை போன ஆயுதத்தைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று மகள் படித்துச் சொல்லியிருந்தாள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவளை மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது, நீங்கள் யார், வாரிசுச் சான்றிதழ் எங்கே, பிள்ளைகளின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். வைத்துக்கொள்ள மாத வாடகை கேட்டார்கள். விலைக்கு என்றால் பழைய இரும்புக் கணக்குதான் சொன்னார்கள். திரும்பிவரும் வழியில் என் பயம் வேறு. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 வருடம் வரை சிறை. மடியில் வைத்துக்கொண்டு போவதோ அதைத்தான்!

வங்கி வேலையை விட்ட பிறகு, தேர்தல் அறிவிப்பு வந்தால் என் வீட்டுக்காரர் இதே துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கி, முடிந்ததும் போய் எடுத்து வருவார். அரை மணி நேர வேலை. அப்போது வாங்கி வைக்க முடிந்த இடத்தில் இப்போது ஏன் முடியாது என்பது எனக்கு விளங்கவில்லை.

சரி, பணம் எதற்கு என்று கேட்பீர்கள். என் மகனே கேட்டான்: "துப்பாக்கியைக் கொடுக்கக் காசு கேட்டால், நாளைக்கு ஹெல்மெட் போடவும் காசு கேட்பீர்களா?" பென்ஷன்காரர்கள் கூடும் இடத்தில் ஒருவர் சொன்னது இன்னும் கூர்மை: ரவுடி துருப்பிடித்ததைக் கொடுத்துவிட்டு அந்தக் காசில் நல்லதாக ஒன்று வாங்குவான். அவர் சொன்னதைத் தள்ள முடியாது. நியூயார்க் மாநிலத்தில் 2022இல் இப்படித் துப்பாக்கிக்குப் பரிசு அட்டை கொடுத்தபோது, ஒருவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் டஜன் கணக்கில் செய்து கொண்டுவந்து பல ஆயிரம் டாலர் வாங்கிப் போனார். ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அரசு சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை வாங்கி அழித்தது. அங்கே முதலில் சில துப்பாக்கி ரகங்களைத் தடை செய்து, பிறகு ஈடாக விலை கொடுத்தார்கள். அதற்காக மருத்துவ வரியோடு 0.2 சதவீதம் கூட்டி மக்களிடமே வசூலித்தார்கள். அவ்வளவு பெரிய காரியத்தை நான் கேட்கவில்லை.

உரிமமே இல்லாத கள்ளத் துப்பாக்கிக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு வழக்கு இல்லை என்ற வார்த்தையே போதும். 2025 பிப்ரவரியில் மணிப்பூர் ஆளுநர், கலவரத்தில் கொள்ளைபோன ஆயுதங்களைக் கெடு வைத்துக் கேட்டபோது பணம் இல்லாமலேயே திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. எங்களைப் போன்றவர்களின் துப்பாக்கிக்கு எண் இருக்கிறது, லைசென்ஸ் புத்தகம் இருக்கிறது. புதிதாகச் செய்து கொண்டுவந்து ஏமாற்ற முடியாது. அதற்கு மட்டும் 5,000 ரூபாய் போதும். வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்த செலவு, ஆட்டோ, போன நாள்கூலி இவற்றுக்கு அது சரியாக இருக்கும். வியாபாரம் செய்ய யாருக்கும் ஆசை வராது.

வாங்கிய துப்பாக்கியை ஏலம் விடாமல் உடைத்துப் போடவேண்டும். பணம் எண்ணைச் சரிபார்த்த பிறகு வாரிசின் வங்கிக் கணக்குக்கு வரட்டும், ரசீது மட்டும் அன்றைக்கே கையில் வேண்டும்.

லைசென்ஸ் துப்பாக்கியால் யாருக்கு என்ன ஆபத்து என்றும் கேட்கிறார்கள். திருடன் பரணில் ஏறினால் அன்றிரவே அது ரவுடியின் துப்பாக்கி. தங்கள் பதிவேட்டில் மட்டும் இறந்துபோனவர் பெயரில் பத்திரமாக இருக்கும். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு வீட்டில் இப்படிக் கிடக்கிறது. கொடுத்தால் ஒன்றும் வராது, அலைச்சல்தான் மிச்சம் என்று பேசாமல் இருக்கிறார்கள். குடகுக்காரர்களுக்கு லைசென்ஸ் விலக்கும் உண்டு, அது அவர்கள் குலப் பெருமை. எங்களுக்கு இது பிழைப்புக்கு வாங்கிய சாமான்.

2025 ஜனவரி 8ஆம் தேதி முதல்வரின் இல்ல அலுவலகத்தில் ஆறு நக்சலைட்டுகள் சரணடைந்தார்கள். மறுவாழ்வுத் தொகை லட்சக் கணக்கில். துப்பாக்கி எங்கே என்று அன்று எல்லோரும் கேட்டார்கள்; பிறகு சிக்கமகளூரு காட்டிலிருந்து எடுத்தார்கள். அவர்கள் நல்லபடி வாழட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. கையிலேயே எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறவர்களுக்கும் ஒரு வழி வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நிதி ஒதுக்குவது உள்துறையின் கையில் என்பது தெரியும். தாங்கள் பரிந்துரைத்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

துப்பாக்கி இப்போது பீரோவில் பூட்டியிருக்கிறது, தோட்டாக்கள் வேறு பெட்டியில். இரண்டு சாவியும் என் இடுப்பில். தொகை முடிவாகும் வரை நான் காத்திருக்க மாட்டேன். எந்த நாள், எந்த ஸ்டேஷன் என்று ஒரு வரி எழுதினால் போதும், ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: கன்னட மனு, லைசென்ஸ் புத்தக நகல், இறப்புச் சான்றிதழ் நகல், வாரிசுச் சான்றிதழ் விண்ணப்ப ரசீது.